பதினைந்து புள்ளி, எட்டு வரை

அடி சுப்பு,

முதலில் திட்டி முடி, அப்புறம் படி. நாலு மாசமாக உன் கடிதத்துக்குப் பதில் போடாமல், பொங்கல் வாழ்த்துக்கும் ஒரு கும்பிடு பொம்மையைத் தட்டிவிட்டு ஒளிந்துகொண்டவள்தான் எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்க முடியவில்லை, அதனால் ஆரம்பிக்கவேயில்லை.

அம்மா விழுந்துவிட்டாள். மார்கழியில், விடிகாலை ஐந்தேகால் இருக்கும். வாசல் தெளித்துவிட்டுக் கோலப்பொடி டப்பாவை எடுக்கத் திரும்பியிருக்கிறாள், ஈரப்படியில் கால் வழுக்கிவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால் வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பி, இன்னொரு காலைவிடக் குட்டையாகத் தெரிகிறது. முழங்கை வரை வெள்ளைப் பொடி. அந்த நிலையிலும் என்னிடம் சொன்னது: "பூசணிப்பூ வாடிடும்டி, தண்ணியில போடு."

தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு. இந்த வயசில் அங்கே ரத்த ஓட்டம் அறுந்துபோனால் திருகாணி போட்டு இறுக்கினாலும் ஒட்டாமல் போகலாமாம். அதனால் எலும்பின் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்த பிசியோதெரபி பையனை, "உங்க வீட்டுப் பெரியவங்களை இப்படித்தான் நிக்க வைப்பியா" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வந்தபிறகு ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசியை நானே போட்டேன், சுப்பு. உன் விரலில் முள் குத்திய போட்டோவைப் பார்த்தே தலைசுற்றியவள், நான்!

அதெல்லாம் ஓடிவிட்டது. ஓடாதது, டாக்டர் சொன்ன பட்டியல்தான். தரையில் உட்காரக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, தாழ்ந்த நாற்காலி கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. ஐம்பது வருஷமாக அரிவாள்மனையோடு தரையில் உட்கார்ந்தே குடும்பம் நடத்தியவளுக்கு இதைச் சொன்னால்? இப்போது மேஜையில் கத்தி வைத்து வெண்டைக்காய் நறுக்குகிறாள், பரீட்சை எழுதுவது மாதிரி. அரிவாள்மனையைப் பரணில் போடட்டுமா என்று கேட்டதற்கு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சரி, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். முந்தின ராத்திரி அம்மா, "முட்டி வலிக்குதுடி, நாளைக்கு நீ வாசலைப் பாரேன்" என்றாள். சரி என்றேன். ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது, அணைத்தேன். கொல்லைப்பக்கம் வாளி வைக்கிற சத்தம் கேட்டது, சுப்பு. நன்றாகக் கேட்டது. எப்படியும் போட்டுவிடுவாள் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியும், ஒருநாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை, திட்டினாலாவது தேவலை. நீ உடனே "அதெல்லாம் உன் தப்பில்லை" என்று எழுதாதே. படித்துவிட்டுச் சும்மா இரு, போதும்.

அதனால் இப்போது வாசல் என் பொறுப்பு. சிரிக்காதே. ஒன்பதாம் வகுப்பில் பூகோள மேப்பையே நேராக வரையாதவள், நாற்பத்தொன்பது வயசில் புள்ளி வைக்கிறேன். தெளித்து முடித்து ஈரம் போனபிறகுதான் அம்மாவுக்கு அனுமதி. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தாழ்வாக இருக்கிறதென்று இரண்டை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி நிலைப்படிக்கு உள்ளே போட்டிருக்கிறேன், அந்தச் சிம்மாசனத்திலிருந்து உத்தரவு வரும். "பதினைஞ்சு புள்ளி, ஊடுபுள்ளி, எட்டு வரை." நடுவரிசையில் பதினைந்து வைத்து, மேலும் கீழும் இடைவெளியில் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய் எட்டில் நிறுத்த வேண்டும். முதல் வாரம் முழுக்க எனக்குப் பதினாலோ பதினாறோதான் வந்தது. பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட வேண்டுமாம். "நீ அழுத்தி வைக்கிறடி, அது தானா விழணும்." போன வெள்ளிக்கிழமை சிக்குக் கோலம் ஒன்று, கோடு அறுபடாமல் சுற்றி வந்து ஆரம்பித்த இடத்திலேயே முட்டியது. எழுந்து நின்று பார்த்தபோது இடுப்பு எனக்கு ஒடிந்துவிட்டது, ஆனால் அப்படி ஒரு சந்தோஷம். ஐந்து நிமிஷத்தில் பால்காரர் வண்டியை அதன்மேலேயே ஏற்றிவிட்டார்.

அம்மா 2028 மகாமகத்துக்குக் குளத்தில் இறங்கித்தான் குளிப்பாளாம். "அந்தத் திருநெல்வேலிப் பொண்ணு போன தடவை கூட்டத்துக்குப் பயந்து வரலைல்ல, இந்தத் தடவையாவது வரச் சொல்லு" என்கிறாள். பதினாறு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோம், உன் உயரம் எவ்வளவு என்றுகூட எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

உன் பையன் விஷயம். அதைப் படித்த அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள். இரண்டாம் வருஷத்தோடு காலேஜை விட்டுவிட்டு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறான், வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்றாயே, இப்போது எப்படி இருக்கிறான்? தூங்குகிறானா, சாப்பிடுகிறானா? இந்த இரண்டும் சரியில்லையென்றால் தயங்காமல் மனநல டாக்டரிடம் கூட்டிப்போ, மாமியார் என்ன சொன்னாலும் சரி. மற்றபடி, இனி என்ன செய்யப்போகிறாய் என்று தினம் கேட்பதை உன் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் நிறுத்தட்டும். முடிந்தால் நீயும் பையனும் இங்கே வாருங்கள். செந்தூர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகாலையில் கும்பகோணம். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. அவன் யாரோடும் பேச வேண்டாம், அண்ணன் பாத்திரக் கடையில் போய் உட்காரட்டும், இல்லாவிட்டால் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரட்டும். அவளுக்கு உத்தரவு போட இன்னொரு ஆள் வேண்டும்.

வரும்போது புளிக்காய்ச்சல் கொண்டு வா. கடையில் வாங்கிப் பாட்டில் மாற்றியது வேண்டாம், அந்த வித்தை எனக்குத் தெரியும்.

உன்,
வத்தக்குழம்பு