அறுவடைக்காரனின் துணி

அன்புள்ள நண்பா,

அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பேப்பரைத் தானே படிக்கிறார். உன் சித்தப்பாவின் ஆட்டுக் கதையையும் மறுபடி ஆரம்பித்துவிட்டார். வீட்டுச் செய்தி இவ்வளவே. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். பைபிளின் தீர்க்கதரிசிகள் சொல்லும் மீட்பு ஆத்துமாவுக்கு மட்டும்தான், கூலியும் கடனும் அரசியல் என்று எப்படி எழுத மனம் வந்தது உனக்கு?

ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தைத் திற. தெற்கே யூதா நாட்டின் தெக்கோவா ஊரில் மந்தை மேய்த்து, காட்டத்திப்பழம் பொறுக்கியவர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாம் ராஜா ஆண்ட வட இஸ்ரவேல் நாட்டுக்குப் போய், பெத்தேல் ஆலயத்தில் நின்று பேசினார். நாடு செழித்திருந்த காலம். அவர் அடுக்கும் குற்றங்களைப் பார்: எளியவனை ஒரு ஜோடிச் செருப்புக்கு விற்றார்கள்; மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கினார்கள்; கோதுமைப் பதரையும் காசாக்கினார்கள்; அடகு வாங்கிய துணியை விரித்துப் பலிபீடத்தின் அருகிலேயே படுத்தார்கள். இதில் எது ஆத்துமா விஷயம், எது அரசியல்? பிரித்துக் காட்டு பார்ப்போம்.

அந்தத் துணியை விட்டு என்னால் நகர முடியவில்லை. ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு, அவன் வேறு எதைப் போர்த்திப் படுப்பான் என்று பைபிளின் சட்டங்கள் உள்ள யாத்திராகமம் கேட்கிறது. அவன் முறையிட்டால் நான் கேட்பேன் என்று கர்த்தரே சொல்கிறார். இதெல்லாம் ஏட்டுச் சட்டம் என்று நீ சொல்வாய். அப்படியானால் இதைக் கேள். 1960இல் இஸ்ரேலின் கடற்கரைக் கோட்டை ஒன்றில் எழுத்துள்ள பானை ஓடு ஒன்றைத் தோண்டியெடுத்தார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்கு அனுப்பிய மனு அது. என் வேலையை முடித்துவிட்டேன், ஆனாலும் சோபாயின் மகன் ஓசாயா என் துணியைப் பறித்துக்கொண்டான், வெயிலில் என்னோடு அறுத்த சகோதரர்கள் எனக்குச் சாட்சி சொல்வார்கள், துணியைத் திருப்பித் தரச் செய்யுங்கள் என்று கெஞ்சுகிறான். பறித்தவன் பெயர் நமக்குத் தெரிகிறது. பறிகொடுத்தவன் பெயர் அந்த ஓட்டில் இல்லை. இதைப் படித்த அன்று என் கை நடுங்கியது. ஆமோஸ் யாருக்காகக் கத்தினார் என்று அப்போதுதான் முகத்தோடு தெரிந்தது.

இன்னொன்று, நீ அடிக்கடி தாண்டிப்போகும் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம், 34ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டபோது, யூதாவின் ராஜா சிதேக்கியாவும் பிரபுக்களும் பயந்துபோய், கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி அதன் நடுவே நடந்து உடன்படிக்கை செய்து, எபிரெய அடிமைகளை விடுதலை செய்தார்கள். எகிப்துப் படை வருகிறது என்று கேட்டுப் பாபிலோனியர் விலகிப் போனதும், அதே ஆட்களைப் பிடித்துவந்து மறுபடி அடிமையாக்கினார்கள். அங்கே கர்த்தர் என்ன சொல்கிறார்? உங்கள் பிதாக்களை எகிப்தின் அடிமை வீட்டிலிருந்து கொண்டுவந்தவர் நான் என்கிறார். அடிமையைத் திரும்பப் பிடித்ததால் என் நாமத்தைக் கெடுத்தீர்கள் என்கிறார். அடிமைகளை எகிப்திலிருந்து புறப்படச் செய்த தேவன் அவர். அந்த அடிமை வீட்டை நீ உன் ஊரில் மறுபடி கட்டினால் சும்மா இருப்பாரா?

தீர்க்கதரிசிகள் மேசியாவை, வரவிருந்த மீட்பரை, முன்னறிவித்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. நீ மறுபாதியை வெட்டிப் போடுகிறாய், அதுதான் எனக்கு வலிக்கிறது. எரேமியாவின் அந்த 34ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டுப் பதில் எழுது. உங்கள் போதகரிடம் கேட்டு எழுதாதே, நீயே எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்