கட்டில் பிரேக்கை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாளையங்கோட்டையில் டூ வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். போன மாதம் என் அப்பாவை (வயது 76), நெஞ்சில் நீர் கோத்து மூச்சிரைக்கிறது என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் மூச்சு சரியாகிவிட்டது. அன்று ராத்திரி இரண்டரை மணிக்குக் கட்டிலருகே விழுந்து வலது இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார்.

"அட்டெண்டர் பார்த்திருக்க வேண்டாமா?" என்றார்கள். அட்டெண்டர் நான்தான். தரையில் பாய் போட்டுத் தூங்கிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரை எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோன பிறகு, தொழில் பழக்கத்தில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நாலு சக்கரத்தில் இரண்டுக்குத்தான் பிரேக். ஒன்றின் மிதி லொடலொடவென்று ஆடியது, அழுத்தினாலும் சக்கரம் சுற்றியது. மற்றதை யாரும் போடவே இல்லை. அப்பா விளிம்பில் கை ஊன்றி எழ, கட்டில் பின்னால் நகர்ந்திருக்கிறது.

அந்த நேரத்தில் ஏன் எழுந்தார்? இரவு ஒன்பது மணிக்கு லாசிக்ஸ் மாத்திரை கொடுத்திருந்தார்கள். நீர் பிரிக்கிற மாத்திரை, ஆறு மணி நேரமாவது வேலை செய்யும். முடிந்தவரை சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடலாம் என்கிறாள் நர்சிங் படித்த என் அக்கா மகள். டாக்டருக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம், இருக்கட்டும். "என்னை ஏன் எழுப்பலை?" என்று அப்பாவிடம் கேட்டேன். "பகல் முழுக்கக் கடையில நின்னுட்டு வந்து படுத்திருக்க. ஒன்னுக்குப் போறதுக்கு ஒன்னைய எழுப்பணுமாக்கும்?" என்றார். அழைப்பு மணியின் சுவிட்சோ தலைமாட்டுச் சுவரில், படுத்தபடி எட்டாத உயரத்தில் இருந்தது.

இன்னொன்று. சேர்த்த அன்றே அப்பா கையில் ஒரு மஞ்சள் பட்டை கட்டியிருந்தார்கள். இன்சூரன்ஸ் அடையாளம் என்று என் மனைவி நினைத்துக்கொண்டாள். விழ வாய்ப்புள்ளவர் என்று அதற்கு அர்த்தமாம். அதற்கு மார்க் போடுவார்கள். ஜானிஸ் மோர்ஸ் என்பவர் வகுத்த கணக்கில், மூன்று மாதத்துக்குள் ஒருமுறை விழுந்திருந்தால் 25, கையில் டிரிப்ஸ் ஊசி இருந்தால் 20. பொதுவாக 45 வந்தாலே ஆபத்தானவர் பட்டியல். அப்பா முந்தின மாதம்தான் புறவாசலில் வழுக்கி விழுந்திருந்தார். ஆக, அவர் விழக்கூடும் என்று ஆஸ்பத்திரிக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த நைட் டியூட்டி சிஸ்டர் மேல் எனக்கு வருத்தமில்லை. இருபது கட்டிலுக்கு அவர் ஒருவர்தான். நான் கேட்பதற்கு அதிக ஆள்கூட வேண்டாம். பட்டை கட்டும்போதே அது எதற்கு என்று வீட்டு ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். விளக்கணைக்கும் முன், "ஒன்னுக்குப் போகணுமா தாத்தா?" என்று கேட்டுக் கூட்டிப்போய் வரலாம். மணியை ஒரு நீள வயரில் கை எட்டும்படி தொங்கவிடலாம். பிரேக்கைப் பார்க்க வாரம் ஒருமுறை ஒரு மெக்கானிக் போதும்.

ஆபரேஷன் முடிந்து, அப்பா இப்போது வாக்கரில் நடக்கிறார். டிஸ்சார்ஜ் அன்று பழைய வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். அதே கட்டிலில் வேறொரு பெரியவர், கையில் மஞ்சள் பட்டை. மிதி அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. அவர் மகளிடம் விவரம் சொல்லிவிட்டு, கீழே கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து அரைச் செங்கல் ஒன்றை எடுத்துவந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஒரு டூ வீலர் மெக்கானிக்,
பாளையங்கோட்டை.