வள்ளிக்கு, குழலில் படிந்த ஈயம் பற்றி

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகள் வள்ளிக்கு அப்பச்சி எழுதுவது. நானும் உங்க ஆத்தாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை, பேரன் நலமும் அறிய ஆவல்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரிவால்வர் குழலின் வரிப்பள்ளத்து (குண்டைச் சுழற்றிவிட உள்ளே வெட்டியிருக்கும் சுருள் பள்ளங்கள்) ஓரங்களில் சாம்பல் நிறமாக அப்பியிருப்பது ஈயம்தான். நாலு மாதம் முன்பு ஒரே இடத்தில் விழுந்த குண்டு இப்போது சிதறுகிறது என்றால் காரணமும் அதுவே. அதில் எனக்குக் கவலை இல்லை, தேய்த்தால் போய்விடும். வினிகரையும் பெராக்ஸைடையும் கலந்து ஊற்றினால் ஐந்தே நிமிடத்தில் கரைந்துவிடும் என்று உன் துப்பாக்கி கிளப்பில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். அதைச் செய்யாதே. ஈயம் கரைவது உண்மை. ஆனால் கரைந்து ஈய அசிடேட் ஆகிறது. அந்தக் காலத்தில் ஈயச் சர்க்கரை என்று சொன்ன விஷம் அது, நாக்கில் இனிக்கும். கெட்டியாக இருக்கும் ஈயத்தைத் தண்ணீரில் கரையும் விஷமாக்கி, அதைச் சமையலறைத் தொட்டியில் கொட்டுவதா? கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டால் குழலின் எஃகையும் அரித்துவிடும்.

குறுக்கு வழியின் பலனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் வீட்டு இரட்டைக் குழல் துப்பாக்கி உனக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு ‘போர்’ (bore) அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாகப் பிரித்தால், ஒரு உருண்டை சேரும் அளவுக் குழல் என்பதுதான் அந்தப் பெயரின் கணக்கு. அப்போதைய தோட்டாக்களில் அட்டையும் கம்பளியும்தான் அடைப்பு. இப்போது வரும் பிளாஸ்டிக் கிண்ணம் கிடையாது. சின்னச் சின்ன ஈய உருண்டைகள் குழலை நேராக உரசிக்கொண்டு போகும், உள்ளே கோடு கோடாக ஈயம் ஏறும். ஐயா நாட்டு மருந்துக் கடையில் பாதரசம் வாங்கி வந்து, குழலின் ஒரு முனையைத் தக்கையால் அடைத்து, உள்ளே ஊற்றி, மறுமுனையையும் அடைத்து, வளவுத் தரையில் உருட்டினார்கள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். பாதரசம் ஈயத்தைத் தின்றுவிட்டுப் புழுதி நிறத்தில் வெளியே வந்தது. குழலும் பளிச்சென்று ஆனது. மாலையில் பார்த்தால் ஐயாவின் பொன் மோதிரம் வெள்ளி மாதிரி வெளுத்துப்போயிருந்தது. விரல்வழியே ஒரு துளி போதும், தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மோதிரத்தைப் பற்றி வீட்டில் எல்லோரும் பேசினார்கள். நாங்கள் மூச்சில் இழுத்த ஆவியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்த வளவில்தான் பிள்ளைகள் படுத்துத் தூங்கினோம்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். முதலில் சிலிண்டரைத் திறந்து எல்லாத் தோட்டா அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார். தோட்டாப் பெட்டி நீ உட்கார்ந்து வேலை செய்யும் இடத்திலேயே இருக்கக் கூடாது. குழலுக்குள் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடு. தேய்ந்த வெண்கல பிரஷ் ஒன்றில் பாத்திரம் தேய்க்கும் செம்பு நாரைச் சுற்று. நார் அசல் செம்புதானா என்று காந்தம் வைத்துப் பார், ஒட்டினால் உள்ளே இரும்பு. அது குழலைக் கீறும். அசல் செம்பு எஃகைவிட மென்மை, ஈயத்தை மட்டும் உரித்தெடுக்கும். ரிவால்வருக்குப் பின்பக்கமிருந்து கம்பி விட முடியாது, வாய்ப்பக்கமிருந்துதான். அதனால் கம்பி குழல்வாயின் விளிம்பில் உரசாதபடி வழிகாட்டி மூடி போட்டுக்கொள். அந்த விளிம்பு தேய்ந்தால் குறி போய்விடும். ஈயத்தை எடுக்கலாம், தேய்ந்த விளிம்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பத்துப் பதினைந்து தடவை போய் வந்ததும் வெள்ளைத் துணி விட்டு இழு. மினுமினுவென்று வெள்ளித் தூள் போலச் செதில்கள் வரும். துணியில் செதில் வருவது நிற்கும்வரை இதே வேலைதான். செம்பு உறை போட்ட குண்டு நாலு சுட்டால் ஈயம் போய்விடும் என்றும் சொல்வார்கள். இருக்கும் ஈயத்தை அது இன்னும் அழுத்தி இஸ்திரி போட்டுவிடும், குழலுக்குள் அழுத்தமும் ஏறும். வேண்டாம்.

எடுப்பதற்கு முன்னால், ஈயம் எங்கே படிந்திருக்கிறது என்று பார்த்து வை. நம் அச்சகத்துக்கு எதிர்வீட்டில் பட்டாளத்தில் ஆயுதம் பழுதுபார்த்த ஆர்மரர் ஒருவர் இருந்தாரே, அவர் எனக்குச் சொல்லித் தந்தது இது. சிலிண்டரை ஒட்டிய தொடக்கத்தில் படிந்திருந்தால் குண்டு குழலுக்குச் சின்னது. பக்கவாட்டில் நெருப்புக் காற்று பீறிட்டு ஈயத்தை உருக்கி அப்புகிறது. வாய்ப்பக்கம் படிந்திருந்தால் குண்டில் பூசிய மெழுகு பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. உன் .38 ரிவால்வருக்குக் குழலின் பள்ள அளவு பொதுவாக .357 அங்குலம், ஈயக் குண்டு .358 இருக்க வேண்டும். சிலிண்டர் அறையின் வாயும் குண்டை விடச் சின்னதாக இருக்கக் கூடாது. சின்னதாக இருந்தால் சரியான குண்டையும் அது இறுக்கிச் சிறிதாக்கித்தான் குழலுக்கு அனுப்பும்.

உன் கிளப் நண்பர் ‘இன்னும் கடினமான குண்டு வார்த்துத் தருகிறேன்’ என்றாராமே. நாற்பது வருடம் அச்செழுத்தோடு இருந்தவன் சொல்கிறேன். காரீயத்தில் ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்த்தால் எழுத்து கெட்டியாகும், ஆயிரம் பிரதி அடித்தாலும் முனை மழுங்காது. எழுத்துக்கு அது நல்லது. உன்னைப் போல மெதுவான தோட்டா சுடுபவர்களுக்கு அவ்வளவு கடினம் கெடுதல். மென்மையான குண்டு பின்னாலிருந்து அழுத்தம் வந்ததும் கொஞ்சம் விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். கடினமானது விரியாது, ஓரத்தில் சந்து விடும், ஈயம் இன்னும் படியும்.

பேரனைப் பற்றி எழுதாமல் முடிக்க மாட்டேன். குண்டில் மட்டும் ஈயம் என்று நினைக்காதே, தோட்டாவின் பற்றுமருந்திலும் (பிரைமர்) ஈயம் உண்டு. கூரை போட்ட சுடுகூடத்தில் அந்தப் புகை சட்டையிலும் தலைமுடியிலும் உட்கார்ந்து வீட்டுக்கு வரும். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளித்துவிட்டுத்தானே வளவுக்குள் வருவோம், அப்படியே வா. செருப்பு வாசலில் கிடக்கட்டும், துணியைத் தனியாகத் துவை, சோப்புப் போட்டுக் கை முகம் கழுவாமல் பிள்ளையைத் தூக்காதே. எடுத்த செதில்களைத் துணியோடு மூடிய டப்பாவில் போடு, துடைப்பத்தால் பெருக்காதே. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத் தொடும், இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது. உங்கள் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராம் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். இந்த மாதமே அவனுக்கும் உனக்கும் சோதனை எடுத்துவிடு.

பார்சலில் மனகோலமும் சீப்புச் சீடையும் ஆத்தா கட்டியிருக்கிறாள். கீழே பழைய மல் வேட்டியைத் துவைத்துக் காயவைத்துச் சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்திருக்கிறேன், நூல் பிரியாது, குழலுக்கு அதைவிட நல்ல துணி இல்லை. தேய்க்கும் முன் ஈயம் தொடக்கத்திலா, வாய்ப்பக்கமா என்று பார்த்து எழுது.

அன்புடன்
அப்பச்சி