ட்ரங்க் கால் காலத்து அம்மா எழுதுவது

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பன்னிரண்டு பேர் செய்துவந்த வேலையைப் புது மென்பொருள் வந்தபின் ஐந்து பேரே செய்கிறீர்கள். "இது நாட்டுக்கு நல்லதா கெட்டதா, அம்மா?" என்று கேட்டிருக்கிறாய். பொருளாதாரம் படித்தவள் நீ, கேட்பது என்னை! பதினெட்டு ஆண்டுகள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ட்ரங்க் கால் என்ற வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைத்துக்கொடுத்த உரிமையில் பதில் எழுதுகிறேன்.

என் வேலைக்கு எமன் நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே பிறந்துவிட்டான். அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-இல் ஆபரேட்டர் இல்லாமலே அழைப்பை இணைக்கும் தானியங்கி இணைப்பகத்துக்குக் காப்புரிமை பெற்றார். தனக்கு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்ற சந்தேகத்தில்தான் அதில் இறங்கினார் என்பார்கள். ஆபரேட்டர்களான எங்கள் மீது அவ்வளவு நம்பிக்கை அவருக்கு!

1920-க்கும் 1940-க்கும் இடையில் அந்நாட்டு நகரங்கள் பல ஒன்றன்பின் ஒன்றாகத் தானியங்கிக்கு மாறின. பின்னாளில் ஆய்வாளர்கள் மக்கள்தொகைக் கணக்கேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அடுத்து வளர்ந்துவந்த பெண்கள் தட்டச்சு, உணவகம் என்று வேறு வேலை தேடிக்கொண்டார்கள். ஏற்கெனவே அழைப்புகளை இணைக்கும் பலகையின் முன் உட்கார்ந்திருந்தவர்களில்தான் பலர் குறைந்த சம்பளத்துக்கு இறங்கினார்கள், அல்லது வேலையையே விட்டார்கள். உன் கேள்விக்கு ஒரே பதில் இல்லாதது இதனால்தான். நாட்டின் கணக்கில் லாபமாக ஏறியது அந்த நாற்காலியில் இருந்தவளுக்கு நஷ்டம். மொத்தத் தொகையைப் பார்க்கிறவருக்கு அவள் கண்ணில் படமாட்டாள்.

அந்த லாபமும் உடனே வருவதில்லை. எடிசன் நியூயார்க்கில் மின்நிலையம் தொடங்கியது 1882-இல். அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் பாய்ச்சலாக உயர்ந்ததோ 1920-களில். நடுவில் என்ன நடந்தது? நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரிய மின்மோட்டாரை வைத்தார்கள். அதன் சுழற்சியை எல்லா இயந்திரங்களுக்கும் கொண்டுபோன பழைய தண்டும் பட்டையும், மாடிக்கட்டடமும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் கொடுத்து, கட்டடத்தையே தரைமட்டத்தில் பரப்பி, வேலையின் வரிசையை மாற்றியபோதுதான் மின்சாரம் பலன் தந்தது. கணினி யுகம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணோம் என்று பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1987-இல் கேலி செய்ததும் இதே கதைதான். உங்கள் அலுவலகத்திலும் ஏழு பேரை அனுப்பியதோடு சரி, வேலைமுறை பழையதே என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்கென்னவோ அது பழைய எஞ்சின் இடத்தில் வைத்த மோட்டார் போலத்தான் தோன்றுகிறது.

இந்தக் காத்திருப்பில் அரசு கஜானா சும்மா இருக்க முடியாது. பன்னிரண்டு சம்பளத்தில் பிடித்த வரியும் ஓய்வூதியச் சந்தாவும் இனி ஐந்து சம்பளத்திலிருந்து வரவேண்டும். இதோடு குடும்பங்களும் சுருங்குகின்றன. தென்கொரியாவில் 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தைதான். நாளை சந்தா கட்டப்போகிறவர்கள் யார்?

கணக்கு என்றதும் எனக்குச் சிரிப்பு வரும். நான் இணைத்துக் கொடுத்த ஒவ்வொரு ட்ரங்க் காலுக்கும் கட்டணம் உண்டு. அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறியது. ஞாயிறுதோறும் நீயும் நானும் ஒரு மணிநேரம் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அதற்கென்று தனிக் கட்டணம் இல்லாததால் அது கணக்கில் ஏறுவதே அரிது. நான் வேலைக்குப் போனபோது உன்னைப் பார்த்துக்கொண்ட ஆயாவின் சம்பளம் நாட்டின் வருமானம். உன் பாட்டி பார்த்துக்கொண்ட நாட்களுக்கு மதிப்பு சுழியம். பெண்கள் கூட்டமாக வேலைக்குப் போன காலத்தில் நாடுகள் கண்ட வளர்ச்சியில் ஒரு பங்கு இப்படி வீட்டுக்குள்ளிருந்து கணக்குப் புத்தகத்துக்கு இடம்பெயர்ந்ததுதான். மீதி உண்மையான வளர்ச்சி. அதை நான் மறுக்கவில்லை, என் கையிலும் முதல்முறையாகச் சொந்தப் பணம் இருந்தது.

எங்களுக்கு ஒன்று வாய்த்தது: இயந்திரம் மெதுவாக வந்தது. எங்களில் பலர் அது வந்துசேர்வதற்குள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். எஞ்சியவர்களை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். நான் மூன்று மாதம் பில் போடக் கற்றுக்கொண்டேன், சம்பளம் நிற்கவில்லை. அனுப்பப்பட்ட ஏழு பேரில் உன்னோடு இருந்த ஐம்பது வயதுக்காரருக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பினார்கள், வேறு வேலை கற்றுக்கொடுத்தார்களா என்று நீ எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அம்மா