ரத்தம் குறைவு என்றால் போதுமா?

ஆசிரியருக்கு,

மாளிகை, வாரிசுகள், ஒரு துப்பறிவாளர் என்று போகும் கொலைமர்மப் படங்களைக் ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்று ஒரே வரியில் பரிந்துரைத்து முடித்துவிடுகிறார்கள். 2019-இல் வந்த ‘நைவ்ஸ் அவுட்’ படத்துக்கு அமெரிக்காவில் கிடைத்தது பிஜி-13, அதாவது 13 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொருந்தாத பகுதிகள் இருக்கலாம் என்று பெற்றோரை எச்சரிக்கும் சான்று. சிறிதளவு வன்முறை, கடுமையான சொற்கள், பாலியல் குறிப்புகள், போதைப்பொருள் ஆகியவை காரணமாகச் சொல்லப்பட்டன. தற்கொலை என்ற சொல்லே அதில் இல்லை. கதை சுழல்வதோ, 85 வயது எழுத்தாளர் தன் கழுத்தை அறுத்துக்கொள்வதைச் சுற்றி!

அந்தக் காட்சி சில நொடிகள்தான். பிள்ளைகள் மனதில் தங்குவது அதற்கு முந்தைய பகுதி. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்து அந்த எழுத்தாளருக்கு 3 மில்லிகிராமுக்குப் பதில் 100 மில்லிகிராம் ஏறிவிட்டது என்று செவிலியர் பதறுகிறார். பெரியவரோ நிதானமாக, பாசத்தோடு அவரைத் தப்பிக்க வைக்கத் திட்டம் சொல்கிறார். சாவு ஒரு தியாகம்போலத் தெரிகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைப் பக்கத்தில் இருந்து யாராவது பேசிப் புரியவைக்க வேண்டும். வசைச்சொற்கள் அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை.

நம் தணிக்கையில் 2024 முதல் யுஏ 7+, 13+, 16+ என்று பிரித்திருப்பது நல்ல மாற்றம். ஆனால் வயது எண் மட்டும் காரணத்தைச் சொல்லாது. உங்கள் விமர்சனப் பகுதியில் நட்சத்திரங்களுக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்: சாவு திரையில் காட்டப்படுகிறதா, வெறும் பேச்சாக வருகிறதா, தற்கொலையோ அளவுக்கு மீறிய மருந்தோ உண்டா, தோராயமாக எத்தனையாவது நிமிடத்தில்.

– ஒரு வாசகர், திருச்சி