சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலை’யில் ஊற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் ஒயின் சுவைக்கப் பழக விரும்புவோருக்காக ஒரு கட்டுரை வந்திருந்தது. திராட்சை வகைகளைப் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால் ‘சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும்’, ‘வைத்திருக்க வைத்திருக்கச் சுவை கூடும்’ என்ற இரண்டு வரிகளை நம்பி ஒருவர் பாட்டில் வாங்கினால், முதல் மிடறிலேயே ‘இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்’ என்று கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். ஒயின் பிடிக்கவில்லை என்று நம் ஊரில் சொல்பவர்கள் பலரும் குடித்துப் பார்த்தது, வெயில் குடித்துவிட்டுப் போன மிச்சத்தைத்தான்.

அறை வெப்பநிலை என்ற விதி ஐரோப்பாவின் கல் வீடுகளில் பிறந்தது. அந்த அறை 16 முதல் 18 டிகிரி. புதுச்சேரியில் மே மாத இரவில், மின்விசிறி ஓடும் கூடத்தில் 32 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் 14 சதவீத ஆல்கஹால் உள்ள ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினைத் திறந்தால் மூக்கில் முதலில் ஏறுவது சாராய நெடி. பழ வாசம் அதற்கு அடியில் அமுங்கிவிடும். வாயில் தொண்டைவரை எரிச்சல். சரி என்று ஃபிரிட்ஜிலிருந்து 4 டிகிரியில் எடுத்து அப்படியே ஊற்றினால் அதுவும் தவறு. வாசம் எழாது, துவர்ப்பும் புளிப்பும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

கேபர்னே சாவின்யோன், ஷிராஸ் போன்ற கனமான சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி; போஜொலே போன்ற இலேசான சிவப்புக்கு 13; ஓக் பீப்பாயில் இருந்த ஷார்டனேக்கு 10 முதல் 13; சாவின்யோன் பிளாங், செனின் பிளாங், ரீஸ்லிங் போன்ற வெள்ளைக்கு 7 முதல் 10; நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 8. நம் கூடத்தில் ஊற்றிய சில நிமிடங்களிலேயே சூடு ஏறிவிடும் என்பதால் இரண்டு டிகிரி குறைவாகவே தொடங்கலாம். ஒரு பக்கெட்டில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி போட்டு, பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். சிவப்புக்குப் பத்து நிமிடம், வெள்ளைக்கு இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். தண்ணீர் இல்லாமல் ஐஸை மட்டும் கொட்டினால் பாட்டிலை அது முழுதாகத் தொடாது, இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். பக்கெட் இல்லையென்றால் சிவப்பை ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் போதும். ஊற்றியபின் கிளாஸைக் காம்பில் பிடிக்க வேண்டும். கிண்ணத்தைப் பிடித்தால் உள்ளங்கைச் சூடு ஏறும்.

இரண்டாவது வரிக்கு வருகிறேன். உலகில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. வருடக்கணக்கில் தேறி வருபவை, புளிப்போ, டானின் (திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருள்) தரும் துவர்ப்போ, இனிப்போ நிறைந்தவை: பிரான்சின் நல்ல போர்தோ, இத்தாலியின் பரோலோ, ஜெர்மனியின் இனிப்பு ரீஸ்லிங், போர்ச்சுகலின் விண்டேஜ் போர்ட். அவையும் 12 முதல் 14 டிகிரியில், இருட்டில், அசையாமல் கிடந்தால்தான். அலமாரியில் ஒரு கோடையைக் கழித்த பாட்டிலில் பழ வாசம் போய், வேகவைத்த உலர்திராட்சை வாசமே மிஞ்சும். தனி அலமாரிக் குளிரூட்டி இல்லாதவர்கள் சில மாதங்களுக்கு ஃபிரிட்ஜின் அடித்தட்டிலேயே வைப்பது நல்லது. கார்க் உள்ள பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும்; திருகுமூடிப் பாட்டில் எப்படி இருந்தாலும் சரி.

நாசிக் ஒயின் வாங்குபவர்கள் பாட்டிலில் உள்ள ஆண்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை செய்கிறார்கள். பிரான்சில் அறுவடை செப்டம்பரை ஒட்டி. ஆகவே 2024 என்று போட்ட நாசிக் வெள்ளை, அதே ஆண்டு போட்ட பிரெஞ்சு வெள்ளையைவிட ஆறேழு மாதம் மூத்தது. சாவின்யோன் பிளாங்கும் செனின் பிளாங்கும் புத்தம் புதிதாக இருந்தால்தான் அழகு. கடைக்காரர் ‘பழைய சரக்கு சார், ஒசத்தி’ என்று எடுத்துக் கொடுப்பதை அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடையில் கவனிக்க இன்னும் சில உண்டு. ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே நிற்கும் நிறமற்ற கண்ணாடிப் பாட்டிலை எடுக்காதீர்கள். ஒயினில் உள்ள ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் ஒளிபட்டுக் கிளர்ந்து, கந்தகம் கொண்ட அமினோ அமிலத்தைச் சிதைக்கும். வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை வந்துவிடும். வெள்ளைக்கும் நுரை ஒயினுக்கும் இந்த ஆபத்து அதிகம், சிவப்பில் டானின் ஓரளவு காப்பாற்றும். கார்க் பாட்டிலின் வாயைவிட மேலே எழும்பியிருந்தாலோ, மேலுறைக்கு வெளியே பிசுபிசுப்பாக ஒயின் கசிந்திருந்தாலோ, அது எங்கோ லாரியிலோ கிடங்கிலோ வெந்திருக்கிறது.

திறந்தபின் தெரியும் குறைகள் வேறு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம், கார்க்கிலிருந்து இறங்கியது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். எவ்வளவு நேரம் காற்றாட விட்டாலும் அது போகாது. அழுகிய முட்டை வாடை அப்படியல்ல. கிளாஸைச் சுழற்றிப் பத்து நிமிடம் விட்டாலே பெரும்பாலும் போய்விடும், போகாவிட்டால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய செம்புக் கம்பித் துண்டால் ஒரு நிமிடம் கலக்கி எடுங்கள், ஹைட்ரஜன் சல்ஃபைடைச் செம்பு பிடித்துக்கொள்ளும். நகப்பூச்சு அழிப்பான் நெடி என்றால் வினிகர் பாக்டீரியாவின் வேலை, குழம்புக்குக்கூட உதவாது. அடியில் கண்ணாடித் தூள்போல் படிகம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். குளிரில் படிந்த பொட்டாசியம் பைடார்ட்ரேட் என்ற உப்பு அது, கெடுதல் இல்லை.

இனி சுவைப்பது. ஒரு பாட்டிலை மட்டும் திறந்து ஒரு மாலை முழுக்க முகர்ந்தாலும் புதிதாகப் பழகுபவருக்கு ஒன்றும் பிடிபடாது. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஐந்தே நிமிடத்தில் வித்தியாசம் விளங்கும். ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு விஷயம்தான் மாற வேண்டும். நியூசிலாந்தின் மார்ல்பரோ சாவின்யோன் பிளாங்கோடு நாசிக் சாவின்யோன் பிளாங் வைத்தால் ஊரின் வேறுபாடு தெரியும். ஓக் படாத சப்லியோடு (அதுவும் ஷார்டனே திராட்சைதான்) ஓக்கில் கிடந்த ஷார்டனே வைத்தால் பீப்பாய் என்ன செய்கிறது என்பது தெரியும். ஷிராஸோடு ரீஸ்லிங்கை வைத்து ஒப்பிட்டால் தெரிவது நிறம் மட்டுமே.

கிளாஸுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். 1977இல் வகுத்த ஐஎஸ்ஓ 3591 அளவுப்படி செய்த சுவைக் கிளாஸ் 155 மில்லிமீட்டர் உயரம், முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 215 மில்லி. ஊற்ற வேண்டியது 50 மில்லி மட்டும். மீதி இடம் வாசம் தங்குவதற்கு. வாய் குறுகியிருப்பதும் அதற்கே. ஒரு 750 மில்லி பாட்டிலில் பதினான்கு பேருக்குத் தாராளமாக வரும் என்பதால் நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் தலைக்கு ஆகும் செலவு குறைவு.

பெயர்ச்சீட்டை மறைத்துவிடுங்கள். உங்கள் நாளிதழே பாட்டிலைச் சுற்றச் சரியான அளவு. கண் மூக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு போர்தோ பல்கலைக்கழகத்தில் 54 மாணவர்களை வைத்து நடந்த சோதனை சாட்சி. மணமில்லாத சிவப்பு நிறமி கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே அவர்கள் எழுதினார்கள். 2001இல் வெளியான ஆய்வு. சுவைத்து எழுதிய அந்த மாணவர்கள் ஒயின் துறையையே படித்துக்கொண்டிருந்தவர்கள். உங்களுக்கு உண்மையில் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க மூன்று கிளாஸ் போதும்: இரண்டில் ஒரே ஒயின், மூன்றாவதில் வேறு ஒயின்; வேறானது எது என்று சொல்ல வேண்டும். ஊற்றுபவர் வேறொருவராக இருக்கட்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாகும் என்பதால் குறைந்தது ஐந்தாறு முறை செய்துபாருங்கள்.

அறையில் ஊதுவத்தி கூடாது, சென்ட் கூடாது. தலையில் மல்லிகை வைத்தவர் பக்கத்தில் அமர்ந்தால் வெள்ளை ஒயின் எல்லாமே மல்லிகைதான். வெற்றிலை பாக்கு போட்ட வாயோடு துவர்ப்பை அளக்க முடியாது. வெள்ளைத் தாளின்மேல் சாய்த்து நிறம் பாருங்கள், சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள், சுழற்றி மறுமுறை. பிறகு ஒரு மேசைக்கரண்டி அளவு வாயில் வாங்கி, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளிழுத்து, பத்து விநாடி வைத்துத் துப்புங்கள். துப்புவதை அநாகரிகமாக நினைக்க வேண்டாம். 13 சதவீத ஒயினில் 50 மில்லிக்கு 5 கிராம் ஆல்கஹால். ஆறு கிளாஸை விழுங்கினால் 30 கிராம். அவ்வளவு உள்ளே போனபின் மூக்கும் வேலை செய்யாது, வண்டியும் ஓட்டக்கூடாது. துப்பினாலும் கொஞ்சம் உடலில் ஏறத்தான் செய்யும்.

வாசத்துக்குப் பெயர் வைக்க ஐரோப்பியப் பழங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஷிராஸின் மிளகு வாசத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மம் மிளகிலும் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் அறிவித்தார்கள். அந்தச் சோதனையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது தெரியவேயில்லை, ஆகவே உங்கள் நண்பருக்கு மிளகு வரவில்லையென்றால் அவரைக் கேலி செய்யாதீர்கள். ஓக் பீப்பாயின் கிராம்பு வாசத்துக்குக் காரணம் யூஜினால் என்ற சேர்மம், கிராம்பில் இருப்பதேதான். அமெரிக்க ஓக் தேங்காய் வாசத்தையும் தரும். சரியாகப் பழுக்காத கேபர்னேயில் பச்சைக் குடைமிளகாய் வரும். சாவின்யோன் பிளாங்கில் கொய்யா. மஸ்கட் ஒயினின் ரோஜா வாசம் தேனிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதேயில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம்தான்.

இனிப்பு விஷயத்தில் பெயர்ச்சீட்டு ஏமாற்றும். நுரை ஒயினில் ‘ப்ரூட்’ என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை. ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்றால் 12 முதல் 17 கிராம், அதாவது ப்ரூட்டைவிட இனிப்பு. பலரும் நேர்மாறாக நினைத்து வாங்குகிறார்கள்.

செட்டிநாட்டு உணவோடு கனமான சிவப்பு என்று கட்டுரை சொல்வதையும் ஏற்க முடியவில்லை. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும், டானின் அதன்மேல் சொரசொரப்பைச் சேர்க்கும். காரத்துக்குத் தேவை குளிர்ச்சியும், குறைந்த ஆல்கஹாலும், கொஞ்சம் இனிப்பும். ஜெர்மனியின் மோசெல் பகுதியில் வரும் காபினெட் ரீஸ்லிங் இனிப்பு மிச்சமுள்ளதாக இருந்தால் 8, 9 சதவீதம்தான் இருக்கும். மட்டன் சுக்காவுக்கு அதை 8 டிகிரியில் வைத்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் இலேசான இனிப்புள்ள செனின் பிளாங். புளிக்குழம்புக்கு எதிரே ஒயினின் புளிப்பு தோற்றால் ஒயின் வெறும் தண்ணீர்போல் ஆகிவிடும். மீனுக்குச் சிவப்பு கூடாது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. சிவப்பில் இரும்புச் சத்து அதிகமானால் கவிச்சை எழும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

மிச்சத்தை என்ன செய்வது என்று கட்டுரை சொல்லவில்லை. பாட்டிலைத் திறந்தவுடனே, குடிக்கத் தொடங்குமுன், பாதியைச் சுத்தமான 375 மில்லி பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். பாதி காலியான பெரிய பாட்டிலில் காற்று நிறைய இருப்பதால் மூன்று நாள்தான், அதுவும் ஃபிரிட்ஜில். நுரை ஒயினின் கழுத்தில் கரண்டிக் காம்பைச் செருகினால் நுரை போகாது என்பது வெறும் வதந்தி. இறுக்கிப் பிடிக்கும் மூடி வேண்டும்.

இனி ஒயின் பற்றிக் குறிப்பு வெளியிடும்போது அறுவடை ஆண்டு, ஆல்கஹால் சதவீதம், மூடி வகை, ஊற்ற வேண்டிய டிகிரி ஆகிய நான்கையும் ஒரு வரியில் போடுங்கள். ‘நறுமணமிக்க’, ‘மென்மையான’ என்ற இரண்டு சொற்களை எடுத்துவிட்டாலே அதற்கு இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுச்சேரி