துணைக்கு வந்தவரின் வாக்கு

தென்காசி

அன்பு மகளுக்கு,

நலம். உங்கள் அனைவரின் நலமறிய ஆவல். சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் பேச்சு சூடு பிடித்ததும் உன் அம்மா கைப்பேசியை வாங்கிக்கொண்டுவிட்டதால், பாதியில் நின்றதை எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அமெரிக்காவில் மக்கள் நவம்பரில் வாக்களித்த பிறகு, டிசம்பரில் தத்தம் மாநிலத் தலைநகரில் கூடிக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அந்த 538 தேர்வாளர்களும், தேவைப்பட்டால் தங்கள் மாநில மக்களின் தீர்ப்பை மீறலாம் என்பது உன் கட்சி. கூடாது என்பது என் கட்சி.

உன் வாதத்தில் வலு இல்லை என்று நான் சொல்லவில்லை. தகுதியற்ற ஒருவர் வெறும் கவர்ச்சியாலும் சூழ்ச்சியாலும் அந்தப் பதவிக்கு வந்துவிடாமல் தேர்வாளர்கள் காப்பார்கள் என்று, அந்நாட்டு அரசியல் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் 1788இல் எழுதியது உண்மை. அவர்கள் இன்னாருக்குத்தான் வாக்களிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஹாமில்டன் எண்ணியபடி அந்த ஏற்பாடு ஒரு பத்தாண்டுகூட நடக்கவில்லை. 1796இலேயே கட்சிகள் வந்துவிட்டன. அந்த ஆண்டு பென்சில்வேனியாவில் ஜான் ஆடம்ஸின் கட்சிக்காரராகத் தேர்வான தேர்வாளர் சாமுவேல் மைல்ஸ், எதிர்க்கட்சியின் ஜெஃபர்சனுக்கு வாக்களித்துவிட்டார். அவரைத் தேர்ந்தெடுத்தது செயல்படுவதற்கே தவிர, சிந்திப்பதற்கு அல்ல என்று வாக்காளர் ஒருவர் பத்திரிகையில் கொதித்தெழுந்தார். சிந்திக்கவே வேண்டாம் என்பது சற்றுக் கடுமைதான். ஆயினும் அவர் கோபம் எனக்குப் புரிகிறது.

ஏன் புரிகிறது என்றால், நான் ஆசிரியப் பணியில் இருந்தவரை தேர்தல்தோறும் வாக்குச்சாவடி வேலைக்குப் போனவன் என்பது உனக்குத் தெரியும். ஒரு தேர்தலில், கண் பார்வை அறவே போய்விட்ட ஓர் ஆச்சியைப் பேரன் கைப்பிடித்து அழைத்து வந்தான். விதிப்படி, பார்வையற்ற வாக்காளர் ஒரு துணையாளரை மறைப்புக்குள் அழைத்துச் செல்லலாம். அந்தத் துணையாளர் பதினெட்டு வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். அன்று வேறு எவருக்கும் துணையாக வந்திருக்கக் கூடாது. வாக்கு இரகசியத்தைக் காப்பேன் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். பையன் கையொப்பமிட்டான். ஆச்சி அவன் காதில் ஏதோ சொன்னாள், இருவரும் மறைப்புக்குப் பின்னே போனார்கள், இயந்திரம் ‘பீப்’ என்றது. வெளியே வந்ததும் ஆச்சி, சாவடி முழுவதும் கேட்கும்படி, “ஏல, நான் சொன்னதத்தான அமுக்குன?” என்றாள். “ஆமா ஆச்சி” என்றான் அவன். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்றிரவு பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான், அந்தக் கேள்விக்கு அவன் சொன்ன பதிலைத் தவிர அவளுக்கு வேறு பிடிமானம் எதுவுமே இல்லை என்பது எனக்கு உறைத்தது. அவன் படித்தவன், நாட்டு நடப்பு அவளைவிட அதிகம் அறிந்தவன். அதற்காக அவன் வேறு பொத்தானை அழுத்தியிருந்தால் அதை மனசாட்சி என்று சொல்வாயா?

நீ வாழும் வாஷிங்டன் மாநிலத்தில் 2016இல் நடந்தது இதுதான். அங்கே வென்றவர் ஹிலாரி கிளிண்டன். ஆனால் அவருக்கே வாக்களிப்பதாக உறுதி தந்திருந்த அவர் கட்சித் தேர்வாளர்களில் மூவர், போட்டியிலேயே இல்லாத குடியரசுக் கட்சிக்காரர் காலின் பவலுக்கு வாக்களித்தார்கள், நான்காமவர் வேறொருவருக்கு. டிரம்புக்கு வாக்களிக்க வேண்டிய தேர்வாளர்களும் இதைப் பார்த்து வேறு ஒரு குடியரசுக் கட்சிக்காரர் பக்கம் திரும்புவார்கள், டிரம்புக்குப் பெரும்பான்மையான 270 கிடைக்காது என்பது கணக்கு. அதற்கு 37 பேர் மாற வேண்டியிருந்தது. டெக்சாஸில் இரண்டே பேர்தான் மாறினார்கள். மறுபுறம், ஹவாயில் ஒருவரையும் சேர்த்து ஹிலாரி ஐந்து வாக்குகளை இழந்தார். டிரம்புக்கு 306, ஹிலாரிக்கு 232 என்று இருந்தது 304க்கு 227 என்று முடிந்தது. தடுக்க நினைத்தவரைவிடத் தங்கள் வேட்பாளருக்கே அதிக இழப்பு! வாஷிங்டன் மாநிலம் அந்த நால்வருக்கும் தலா 1,000 டாலர் அபராதம் விதித்தது. அவர்களில் மூவர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2020 ஜூலையில், தேர்வாளரை அவர் கொடுத்த உறுதிமொழிக்கு மாநிலம் கட்டுப்படுத்தலாம் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள்.

நம் நாட்டில் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள்தானே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களைக் கட்சிக் கொறடாகூடக் கட்டுப்படுத்த முடியாதே என்று நீ கேட்டாய். நல்ல கேள்வி. 1969இல் நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று இந்திரா காந்தி சொல்ல, காங்கிரஸின் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி தோற்று வி.வி. கிரி வென்றார். வீட்டுக்கு வீடு அதே பேச்சுதான். ஆனால் அந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்தப் பெயரில் மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தவர்கள். குடியரசுத் தலைவராக இன்னாரையே தேர்ந்தெடுப்பேன் என்று எந்த வாக்காளருக்கும் உறுதி சொல்லாதவர்கள். அடுத்த தேர்தலில் அதே தெருவுக்கு மீண்டும் வந்து நிற்க வேண்டியவர்கள். அமெரிக்கத் தேர்வாளருக்கோ வேலை ஒரே ஒரு நாள். பெரும்பாலான மாநிலங்களில் வாக்குச்சீட்டில் அவர் பெயர்கூட அச்சாவதில்லை. 2004இல் மினசோட்டாவில் ஒருவர் ஜான் கெர்ரிக்குப் பதிலாகத் துணைத் தலைவர் வேட்பாளரான ஜான் எட்வர்ட்ஸின் பெயரை எழுதினார், அதையும் ஓர் எழுத்தை விழுங்கிப் பிழையாக. அது யார் என்று இன்றுவரை எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மீறலா, கைத்தவறா என்றே தெரியாத ஒன்றுக்கு யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது?

2000ஆம் ஆண்டை நினைத்துப் பார். புஷ்ஷுக்கு 271 தேர்வாளர் வாக்குகள். அவர் தேர்வாளர்களில் இருவர் மாறியிருந்தால் பெரும்பான்மை போயிருக்கும். அந்த இருவரின் வீட்டு வாசலில் அந்த டிசம்பரில் எத்தனை கார்கள், எத்தனை பெட்டிகளோடு வந்து நின்றிருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். நல்லவர்களின் மனசாட்சிக்காகத் திறந்து வைக்கும் கதவில் வேறு ஆட்களும் நுழைவார்கள்.

ஹிலாரிக்கு நாடு முழுவதும் 28 இலட்சத்துக்கும் மேல் அதிக வாக்குகள் விழுந்தும் தோற்றாரே என்கிறாய். அந்த ஆதங்கம் நியாயம். அதற்கு உன் மாநிலமே 2009இல் ஒரு வழி கண்டது: பெரும்பான்மைக்குத் தேவையான அளவு மாநிலங்கள் சேர்ந்ததும், நாடு முழுவதும் அதிக வாக்குப் பெற்றவருக்கே தன் தேர்வாளர்களை அளிப்பதாக ஓர் உடன்பாட்டில் இணைந்தது. அப்போதும் ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள் அந்த மாநில மக்களுக்கு எதிராக வாக்களிக்க நேரலாம். ஆனால் அதை வாக்காளர் முன்கூட்டியே அறிவார். எனக்கு அதில் மறுப்பில்லை.

ஓர் இடத்தில் மட்டும் உன்னோடு நிற்கிறேன். 1872இல் குடியரசுத் தலைவர் வேட்பாளர் ஹொரேஸ் கிரீலி, தேர்தலில் தோற்று, தேர்வாளர்கள் கூடுவதற்குள் இறந்துபோனார். அவருடைய தேர்வாளர்கள் 66 பேரில் 63 பேர் வேறு பெயர்களுக்கு வாக்களித்தார்கள். உறுதி தவறாத மூவரின் வாக்குகளை நாடாளுமன்றம் எண்ணவே இல்லை. இறந்தவருக்கு வாக்களிக்கச் சொல்லி எவரையும் கட்டாயப்படுத்த முடியாதுதான். சரி, வேட்பாளர் இறக்கவில்லை, நவம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே பெரிய கையூட்டு ஒன்றில் அகப்பட்டுக்கொள்கிறார் என்றால்? அதற்கும் சட்டமன்றம் முன்னதாகவே விதி எழுதி வைக்க வேண்டும் என்பேன். நீ விதிக்குக் காத்திருக்க நேரமிருக்காது என்பாய். இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து தொடங்கலாம். அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா